மெட்டர்னிட்டி லீவ் முடிஞ்சு வந்தா ரேட்டிங் 'சி', அதே ஹெச்ஆர் ஜெண்டர் பாலிசி கமிட்டில சேர சொல்றாங்க. போகவா வேணாமா?

தூங்காத_நாவலூர் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் இருந்தேன், எழுதறது இதான் முதல் தடவை. நீளமா போயிட்டா மன்னிச்சிக்கோங்க, பையன் தோள்ல தூங்கறான், ஒத்த கையில டைப் பண்றேன்.

ஓஎம்ஆர்ல ஒரு பெரிய ஐடி கம்பெனி, பேர் வேணாம். மொத்தம் ஒன்பது வருஷ எக்ஸ்பீரியன்ஸ், இங்க ஆறு வருஷம். போன வருஷம் ஜூன் நடுவுல லீவ் போட்டு டிசம்பர் நடுவுல திரும்பி வந்தேன், சரியா 26 வாரம். சம்பளம் ஒரு ரூபா குறையாம வந்துச்சு, அதுல நான் குறை சொல்லவே மாட்டேன். லீவுக்கு முன்னாடி நாலு பேர் டீமுக்கு லீடா இருந்தேன். வந்து பாத்தா என் மாட்யூல் வேற ஒருத்தர் கைக்கு போயிருந்துச்சு, சரி ஆறு மாசம் யாரு காத்துட்டு இருப்பாங்கன்னு மனச தேத்திக்கிட்டேன். சப்போர்ட் டிக்கெட் பாக்க போட்டாங்க, அதையும் பாத்தேன்.

ஏப்ரல்ல அப்ரைசல். லீவுக்கு முன்னாடி ரெண்டு வருஷமும் எனக்கு 'ஏ'. இந்த தடவை 'சி'. மேனேஜர் சொன்னதை அப்படியே எழுதறேன்: "நீ நல்லா பண்ற, அதுல டவுட்டே இல்லம்மா. ஆனா டீம்ல யாராவது ஒருத்தர சி-ல போட்டே ஆகணும். வருஷம் ஃபுல்லா ஓடினவனை எப்படி போடறது? உனக்கும் இப்ப வீட்ல வேலை இருக்கும், இந்த ஒரு வருஷம் விட்டுடு." அவர் கெட்டவரும் கிடையாதுங்க, என் வளைகாப்புக்கு டீமை கூட்டிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டு போனவர். அதனாலயே கத்தி சண்டை போடவும் முடியல.

ஒரு வருஷம்தானேன்னு என் வீட்டுக்காரரும் சொன்னார். உக்காந்து கணக்கு போட்டேன். சம்பளம் 12 லட்சம்னு வச்சுக்கோங்க, எங்க கம்பெனில பி-க்கு 9 சதவீத ஹைக், சி-க்கு 4. அப்ப பி-க்கு 1,08,000, சி-க்கு 48,000. வித்தியாசம் 60,000. இந்த 60,000 இந்த வருஷத்தோட முடியாது, அடுத்த வருஷ ஹைக்கும் இந்த கம்மியான சம்பளத்து மேலதான் வரும், பிஎஃப், கிராஜுவிட்டி எல்லாமே அப்படித்தான். அதுக்கு மேல ப்ரமோஷனுக்கு தொடர்ந்து ரெண்டு வருஷம் பி-யாவது இருக்கணும்னு ரூல், அதனால அதுவும் ரெண்டு வருஷம் தள்ளி போச்சு.

இதுல காமெடி என்னன்னா, அடுத்த வாரமே ஹெச்ஆர் மெயில். ஜெண்டர் ஈக்குவாலிட்டி பாலிசியை புதுசா எழுதறாங்களாம், "இளம் அம்மாக்களின் குரல்" வேணுமாம், கமிட்டில சேர சொல்றாங்க. போன கமிட்டி செஞ்சது எனக்கு நல்லாவே ஞாபகம் இருக்கு, மகளிர் தினத்துக்கு பிங்க் கப்கேக், கோலப்போட்டி, ஒரு யோகா செஷன். மதர்ஸ் ரூம்னு ஒண்ணு இருக்கு எங்க ஃப்ளோர்ல, உடைஞ்ச நாற்காலி பத்து பன்னெண்டு அடுக்கி வச்சிருக்காங்க, சாவி கிரவுண்ட் ஃப்ளோர் செக்யூரிட்டி அண்ணா கிட்ட, ஒவ்வொரு தடவையும் இறங்கி போய் ரெஜிஸ்டர்ல பேர், இன் டைம், அவுட் டைம், 'காரணம்'னு ஒரு கட்டம், அதுல ஒரு நாள் என்ன எழுதறதுன்னு தெரியாம 'பால்'னு எழுதிட்டு வந்தேன். கிரெச் (வேலை நேரத்துல குழந்தைய பாத்துக்கற இடம்) இருக்கான்னு கேட்டா 'வெளிய ஒண்ணு கூட டை-அப் இருக்கு'ன்னு பதில் வரும். ஆபீஸ் சிறுசேரியில, டை-அப் கிரெச் பெருங்குடியில. வேலை நேரத்துல நாலு தடவை போய் குழந்தைய பாத்துக்கலாம்னு சட்டம் சொல்லுதாம், ஓஎம்ஆர் டிராஃபிக்ல நாலு தடவை போனா வேலை பாக்க நேரம் எங்க இருக்கும்னு சட்டம் சொல்லல.

கமிட்டிக்கு போகலாமா, இல்ல மூஞ்சில அடிச்ச மாதிரி முடியாதுன்னு சொல்லிடலாமா? போனா ஒண்ணு ரெண்டு விஷயம்தான் கேக்க முடியும், எதை கேக்கறது? ரேட்டிங் குறைக்கக் கூடாதுன்னு சட்டத்துல எங்கயாவது இருக்கா?

பெஞ்ச்_பாண்டி

சிஸ், திட்டாதீங்க, இன்னொரு பக்கத்தையும் யாராவது சொல்லணும். எங்க டீம்ல ஒருத்தங்க லீவ்ல போனாங்க, ரீப்ளேஸ்மென்ட் குடுக்கவே இல்ல, அவங்க வேலையை நாங்க மூணு பேர் பிரிச்சு பாத்தோம். ஆறு மாசம் சனிக்கிழமையெல்லாம் போச்சு, என் அக்கா பொண்ணு காதுகுத்துக்கு கூட போகல, தாய்மாமன் என் மடியில வச்சு குத்தணும், நான் இல்லாததால சித்தப்பா மடியில உக்கார வச்சாங்க, இன்னும் அக்கா பேச மாட்டேங்கறா. கடைசில அப்ரைசல்ல எல்லாருக்கும் ஒரே ரேட்டிங்னா நான் எதுக்கு ஓடணும்? நீங்க நல்லா வேலை பாக்கறவங்களா இருக்கலாம், ஆனா அந்த ஆறு மாசம் நீங்க இல்லதானே.

தூங்காத_நாவலூர்

பாண்டி ப்ரோ, திட்ட மாட்டேன், காதுகுத்துக்கு போக முடியாதது நிஜமாவே தப்பு. ஆனா உங்க சனிக்கிழமையை எடுத்துக்கிட்டது நானா? ரீப்ளேஸ்மென்ட் குடுக்காம மிச்சம் பிடிச்சது யாரு? நான் இருந்த ஆறு மாசத்துக்கு என்னை பாருங்கன்னுதான் கேக்கறேன், இல்லாத ஆறு மாசத்துக்கு ஏ குடுங்கன்னு கேக்கவே இல்ல.

பழைய_டெலிவரி_மேனேஜர்

ரெண்டு பேரும் சொல்றது சரிதான், ஏன்னா தப்பு நடக்கற இடம் உங்க ரெண்டு பேர் கண்ணுலயும் படாது. நான் பதினோரு வருஷம் அந்த ரூம்ல உக்காந்திருக்கேன், அதனால சொல்றேன்.

கேலிபரேஷன் மீட்டிங்னு ஒண்ணு நடக்கும். ஏழெட்டு மேனேஜர், ஒரு ஹெச்ஆர், திரையில எக்செல் ஷீட். நூறு பேர்ல இத்தனை பேர் ஏ, இத்தனை பேர் சி-ன்னு முன்னாடியே எண்ணிக்கை வந்துடும். சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் ஏ-க்கு சண்டை நடக்கும், அப்புறம் எல்லாரும் களைச்சு போய் சமோசா வந்த பிறகு, "சி-ல இன்னும் ரெண்டு பேர் குறையுது, யாராவது பேர் குடுங்க"ன்னு ஹெச்ஆர் கேப்பாங்க. அந்த நேரத்துல மேனேஜருக்கு யார் பேர் வாயில வரும்? பேப்பர் போட்டவன் (ராஜினாமா குடுத்தவன்) பேர், அப்புறம் லீவ்ல இருந்து வந்த பொண்ணு பேர். "அவங்க ஆறு மாசம் இல்லல்ல"ன்னா ரூம்ல ஒருத்தரும் எதிர் கேள்வி கேக்க மாட்டாங்க, எல்லாரும் லேப்டாப்பை மூடிட்டு கார் பார்க்கிங் போயிடலாம். நானும் ரெண்டு தடவை அப்படி பேர் குடுத்திருக்கேன். ரெண்டு பேரும் ஒரு வருஷத்துக்குள்ள வேலைய விட்டாங்க, எக்சிட் இன்டர்வியூல 'சொந்த காரணம்'னு எழுதிக்கிட்டோம்.

அதனால கமிட்டிக்கு போங்கம்மா, ஒரே ஒரு விஷயம் கேளுங்க. 'மதிப்பீட்டு வருஷத்துல மூணு மாசத்துக்கு மேல மெட்டர்னிட்டி லீவ்ல இருந்தவங்களை அந்த எண்ணிக்கையில சேர்க்கக் கூடாது. இருந்த மாசத்துக்கு மட்டும் தனியா மதிப்பீடு, அது முடியாதுன்னா முந்தின வருஷ ரேட்டிங்கே தொடரும்.' நான் கடைசியா இருந்த கம்பெனில இதை கொண்டு வந்தாங்க. எண்ணிக்கையில இருந்து பேர் வெளிய போன உடனே மேனேஜருக்கு அந்த பேரை சொல்றதுல லாபம் இல்ல, அவ்வளவுதான். 'அன்கான்ஷியஸ் பயாஸ்', அதாவது நமக்கே தெரியாம மனசுல இருக்கற பாரபட்சம் பத்தி ட்ரெயினிங்னு ரெண்டு மணி நேரம் வீடியோ போட்டாங்களே, அதை நாங்க மியூட்ல ஓட விட்டுட்டு மெயில் பாத்தோம்.

பாண்டிக்கு: உங்க சனிக்கிழமை போனதுக்கு காரணம், லீவ்ல இருக்கறவங்களையும் ப்ராஜெக்ட் ஹெட்கவுண்ட்ல எண்ணுவாங்க. பேப்பர்ல பதினோரு பேர், சீட்ல பத்து பேர். மேனேஜர் ஆள் கேட்டா 'உங்ககிட்ட ஆள் இருக்கே'ம்பாங்க. லீவ்ல போறவங்க சம்பளத்தை ப்ராஜெக்ட் கணக்குல போடாம கம்பெனி பொது கணக்குல போட்டா அந்த இடத்துக்கு ஆறு மாச கான்ட்ராக்ட்ல ஆள் எடுக்கலாம். இதுவும் ஜெண்டர் பாலிசிதான், ஆனா ஃபைனான்ஸ் டிபார்ட்மென்ட்ல நடக்கணும், அதனால எவனும் கேக் வெட்ட மாட்டான்.

2023-ல எகனாமிக்ஸ் நோபல் வாங்கின கிளாடியா கோல்டின் அம்மா காட்டினதும் இதைத்தான், இப்ப ஆம்பளை பொம்பளை சம்பள வித்தியாசத்துல பெரும்பங்கு முதல் குழந்தை பிறந்ததுக்கு அப்புறம்தான் வருது. உங்க 60,000 அந்த ஆராய்ச்சியில ஒரு புள்ளி.

ரிட்டயர்டு_மாமா

பாலிசி எழுதறீங்கன்னா முதல்ல லேடீஸுக்கு நைட் ஷிஃப்ட் கூடாதுன்னு எழுதுங்கம்மா. ராத்திரி பதினோரு மணிக்கு கேப்ல தனியா வர்றது பெத்தவங்களுக்கு எவ்வளவு பயம் தெரியுமா.

தூங்காத_நாவலூர்

மாமா, அக்கறைக்கு நன்றி. ஆனா அது மட்டும் வேணாம். நைட் ஷிஃப்ட் அலவன்ஸ் போயிடும், யுஎஸ் கிளையன்ட் கூட பேசறவங்களுக்குத்தான் ஆன்சைட்டும் (வெளிநாட்டுல போய் வேலை பாக்கற வாய்ப்பு) வரும், அதுவும் போயிடும். ஃபேக்டரில பொம்பளைங்களுக்கு ராத்திரி வேலை கூடாதுன்னு இருந்த சட்டப் பிரிவையே 2000-லயே நம்ம சென்னை ஹைகோர்ட் செல்லாதுன்னு சொல்லிடுச்சு. கேப்ல செக்யூரிட்டி போடுங்க, ஜிபிஎஸ் போடுங்க, கடைசியா இறங்கறது பொண்ணா இருக்கக் கூடாதுன்னு ரூட் போடுங்க. என்னை வீட்ல உக்கார வைக்கறதுக்கு பேர் பாதுகாப்பு இல்ல மாமா.

ரிட்டயர்டு_மாமா

சரிம்மா. ஹைகோர்ட் விஷயம் தெரியாது.

கோவை_ஹெச்ஆர்_பொண்ணு

நானும் ஹெச்ஆர்தானுங்க, கல்லெறியாதீங்க. கப்கேக் வாங்கின ஆளும் நான்தான், பட்ஜெட் அவ்வளவுதான் குடுத்தாங்க.

சட்டம் கேட்டீங்கல்ல, சொல்றேன். 1961 மெட்டர்னிட்டி பெனிஃபிட் ஆக்ட், 2017-ல திருத்தினதுல 12 வாரம் 26 வாரமாச்சு, முதல் ரெண்டு குழந்தைக்கு. 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்கற இடத்துல கிரெச், நீங்க சொன்ன நாலு விசிட், லீவ் முடிஞ்சப்புறம் வேலைத் தன்மை ஒத்து வந்தா ரெண்டு தரப்பும் பேசி வொர்க் ஃப்ரம் ஹோம், எல்லாம் அப்ப வந்ததுதான். 2025 நவம்பர்ல இருந்து இதெல்லாம் சோஷியல் செக்யூரிட்டி கோடுங்கற புது சட்டத்துக்குள்ள போயிடுச்சு, 26 வாரமும் கிரெச்சும் அதுலயும் இருக்கு. ரேட்டிங்னு ஒரு வார்த்தை எங்கயும் கிடையாது. லீவ்ல இருக்கறப்ப வேலைய விட்டு தூக்கக் கூடாது, வேலை நிபந்தனைகளை அவங்களுக்கு பாதகமா மாத்தக் கூடாதுன்னுதான் இருக்கு. திரும்பி வந்த நாலு மாசம் கழிச்சு குடுக்கற சி அதுல வருமான்னா வக்கீல் ரெண்டு பக்கமும் வாதாடலாம். கோர்ட்டுக்கு போறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது வேற இருக்குதுங்க.

மேனேஜர் வாயால சொன்னதை எழுத்துல வாங்குங்க. கோவமா வேணாம், "நேத்து நம்ம பேசினதுல எனக்கு புரிஞ்சது இது, லீவ்ல இருந்ததால சி, சரியான்னு சொல்லுங்க"ன்னு சாதாரணமா ஒரு மெயில் போடுங்க. அவர் ஆமான்னு பதில் போட்டா அது ஒரு ஆதாரம், இல்லன்னு போட்டா அப்ப உண்மையான காரணம் என்னன்னு கேக்கலாம், பதிலே போடலைன்னா அதுவும் தேதியோட உங்க இன்பாக்ஸ்ல இருக்கும். எங்க பக்கத்துல இருந்து சொல்றேன், மெயில்ல வராத விஷயம் எங்களுக்கு நடக்காத விஷயம். இத ஹெச்ஆர் சொல்லக் கூடாது, சொல்லிட்டேன்.

இன்னொரு விஷயம் நிறைய பேர் குழப்பிக்கறாங்க, இன்பாக்ஸ்ல கூட ஒருத்தங்க கேட்டாங்க: இதுக்கு ஐசி-ல கம்ப்ளெயின்ட் குடுக்கலாமான்னு. இன்டர்னல் கமிட்டி 2013 சட்டப்படி பாலியல் தொல்லை புகாருக்குங்க. பத்து பேர் இருந்தாலே அது இருக்கணும், பாதிக்கு குறையாம பொம்பளைங்க, வெளியாள் ஒருத்தர், புகார் மூணு மாசத்துக்குள்ள. ரேட்டிங்குக்கு அது இடமில்ல, க்ரீவன்ஸ், அதாவது கம்பெனியோட குறைதீர்ப்பு வழியா போங்க.

இப்ப முக்கியமான மேட்டர். உங்க கம்பெனி பெருசுன்னு சொன்னீங்க, பங்குச்சந்தைல முதல் 1000 கம்பெனிக்குள்ள இருந்தா, 2022-23-ல இருந்து பங்குச்சந்தையை கண்காணிக்கற செபி ஒரு ரிப்போர்ட் கட்டாயமாக்கி வச்சிருக்காங்க, பிஆர்எஸ்ஆர்னு பேரு, வருஷ ரிப்போர்ட் பிடிஎஃப்லயே இருக்கும். தேடினா ஒரு சின்ன டேபிள் வரும். பேரன்டல் லீவ் எடுத்தவங்கள்ல எத்தனை சதவீதம் திரும்பி வந்தாங்க, வந்தவங்கள்ல ஒரு வருஷம் கழிச்சும் எத்தனை சதவீதம் இருந்தாங்க, ஆம்பளை பொம்பளை தனித்தனியா. இன்னொரு பக்கத்துல ஆம்பளைங்க நடு சம்பளம் எவ்வளவு, பொம்பளைங்க நடு சம்பளம் எவ்வளவுன்னும் போட்டிருக்கும். முதல் கட்டம் எப்பவும் பாக்க அழகா இருக்கும், ஏன்னா லீவ் முடிஞ்சதும் எல்லாரும் வருவாங்க. ரெண்டாவது கட்டத்தை பாருங்க. மேல மேனேஜர் அண்ணா சொன்னாரே 'சொந்த காரணம்'னு, அது எல்லாம் அந்த ரெண்டாவது கட்டத்துலதான் உக்காந்திருக்கு.

அந்த பக்கத்தை பிரிண்ட் எடுத்துட்டு போங்க. கமிட்டில அழுத கதை சொன்னா "ஸோ இன்ஸ்பைரிங்"ம்பாங்க, சொல்லிட்டு லஞ்சுக்கு போயிடுவாங்க. அவங்க கையெழுத்து போட்ட நம்பரை அவங்க முன்னாடி வச்சா அப்படி போக முடியாதுங்க.

ரெண்டுபிள்ளை_அப்பா

ஹெச்ஆர் மேடம் ரிப்போர்ட் பத்தி சொன்னதும் போய் எங்க கம்பெனியோடதை பாத்தேன். ஆம்பளைங்க கட்டத்துலயும் நல்ல நம்பர்தான், ஏன் இருக்காது, எங்களுக்கு லீவே அஞ்சு நாள். அஞ்சு நாள்ல எவன் வேலைய விடுவான்.

சென்ட்ரல் கவர்ன்மென்ட்ல 15 நாள் பேட்டர்னிட்டி லீவ் இருக்கு, பிரைவேட்டுக்கு சட்டமே கிடையாது, கம்பெனி மனசு வச்சாதான். சொமாட்டோ 2019-ல அப்பாவுக்கும் 26 வாரம்னு அறிவிச்சப்ப எங்க மேனேஜர்கிட்ட அந்த நியூஸை காட்டினேன், "நீயா பெத்த?"ன்னு கேட்டார். ரெண்டாவது குழந்தைக்கு சிசேரியன், மூணாவது நாள் ஆஸ்பத்திரி ரூம்ல ஜன்னல் பக்கம் ஸ்டூல் போட்டு லேப்டாப்ல ப்ரொடக்‌ஷன் இஷ்யூ பாத்தேன், நர்ஸ் வந்து பாப்பாவ என் கையில குடுத்தாங்க, ஒரு நிமிஷம் சிஸ்டர் கால்ல இருக்கேன்னு சொன்னேன். அந்த நிமிஷத்தை இப்ப நினைச்சா எனக்கே கூச்சமா இருக்கு.

அதனால கமிட்டில ரெண்டாவதா கேக்க இடம் இருந்தா, அப்பாவுக்கும் லீவ் கேளுங்க. எங்க மேல பாசத்துல சொல்லல. ஒரு பையனை எடுத்தாலும் பொண்ணை எடுத்தாலும் குழந்தை பிறந்தா லீவ்ல போவாங்கன்னு ஆகிட்டா, இன்டர்வியூல "கல்யாணம் ஆயிடுச்சா, அடுத்த பிளான் என்ன"ன்னு பொண்ணுங்ககிட்ட மட்டும் கேக்கற கேள்விக்கு அர்த்தமே இருக்காது. பெரிய ஐடி கம்பெனில 26 வார சம்பளமும் முழுக்க கம்பெனி கைக்காசு, கவர்ன்மென்ட் பங்கு கிடையாது, அதனால பொண்ணை எடுக்க யோசிக்கறான். யாரை எடுத்தாலும் அதே செலவுன்னா எதுக்கு யோசிக்கப் போறான்.

பெஞ்ச்_பாண்டி

இது நல்லா இருக்கு. எனக்கும் அடுத்த வருஷம் கல்யாணம். அஞ்சு நாள்னா பத்தாது.

திருப்பூர்_தையல்

நான் பனியன் கம்பெனில எச்ஆர் செக்‌ஷன்ல இருக்கேன், அதுக்கு முன்னாடி ஆறு வருஷம் ஓவர்லாக் மெஷின்ல. உங்க பேச்செல்லாம் படிச்சேன், கொஞ்சம் பொறாமையாவும் இருக்கு கொஞ்சம் சிரிப்பாவும் இருக்கு. நம்ம நாட்டுல ஃபேக்டரில வேலை பாக்கற பொம்பளைங்கள்ல பத்துக்கு நாலு பேர் தமிழ்நாட்டுலதான் இருக்காங்க, அவங்களுக்கு ஏ பி சி எல்லாம் இல்ல.

கிரெச் எங்களுக்கு 1948 ஃபேக்டரீஸ் ஆக்ட்லயே வந்துடுச்சு, அப்புறம் 30 பொம்பளைங்களுக்கு மேல இருந்தா வைக்கணும்னு இருந்துச்சு. நான் முன்னாடி இருந்த யூனிட்ல ரூம் இருந்துச்சு, ஆயாம்மா இருந்தாங்க, சேலைல தொட்டில் கட்டியிருப்பாங்க, ஆனா சுவத்துல டிசைன் போட்டு பொம்மைங்க எல்லாம் பிளாஸ்டிக் கவரோட மேல லாஃப்ட்ல. வெளிநாட்டு பையர் ஆடிட் வர்ற அன்னிக்கு காலைல பொம்மை இறங்கும், சாயங்காலம் கவருக்குள்ள ஏறும். ஒரு தடவை ஆடிட்டர் அம்மா நாலு மணி வரைக்கும் இருந்துட்டாங்க, ஒரு குழந்தை கரடி பொம்மையை விடவே இல்ல, பிடுங்க முடியாம சூப்பர்வைசர் அதை வீட்டுக்கே குடுத்து அனுப்பிட்டார். அந்த கரடி ஒண்ணுதான் அந்த கிரெச்ல இருந்து நிஜமா ஒரு குழந்தை கைக்கு போனது.

எங்களுக்கு ஒரு விஷயத்துல உங்களை விட நல்லது. மாசம் 21,000 வரைக்கும் சம்பளம்னா ஈஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு), அந்த 26 வார பணத்தை ஈஎஸ்ஐ குடுத்துடும், முதலாளி கைல இருந்து போகாது. அதனால எங்க ஊர்ல 'குழந்தை பெத்துக்குவா, எடுக்காத'ன்னு டெய்லரை யாரும் சொல்ல மாட்டாங்க. ஆனா லைன்ல நாப்பது பேர் உக்காந்து தைக்கறது பொம்பளைங்க, பின்னாடி நின்னு "அளவு வரல அளவு வரல"ன்னு கத்தற சூப்பர்வைசர் ஆம்பளை, இதுதான் மாறவே மாட்டேங்குது. நான் சூப்பர்வைசர் ஆகணும்னு கேட்டப்ப, மெஷின் ரிப்பேர் தெரியுமான்னு கேட்டாங்க. இருந்த ஆம்பளை சூப்பர்வைசர் யாருக்கும் தெரியாது, மெக்கானிக்கைத்தான் கூப்பிடுவாங்க. அதை கேட்டேன், அப்புறம்தான் எச்ஆர் செக்‌ஷனுக்கு மாத்தினாங்க. வாயை அடைக்க குடுத்த வேலைன்னு எனக்கும் தெரியும், உக்காந்துக்கிட்டேன்.

நாவலூர் அக்கா, நீங்களும் போய் உக்காருங்க. அவங்க எதுக்கு கூப்பிட்டாங்கன்னு பாக்காதீங்க. அப்புறம் ஹவுஸ்கீப்பிங் அக்காங்களையும் கேப் டிரைவருங்களையும் பாலிசியில சேக்க சொல்லுங்க, அவங்க கான்ட்ராக்ட்னு சொல்லி விட்டுடுவாங்க. உங்க மதர்ஸ் ரூமை பெருக்கற அக்காவுக்கும் வீட்ல கைக்குழந்தை இருக்கலாம்.

தூங்காத_நாவலூர் (அப்டேட், மூணு வாரம் கழிச்சு)

யாராவது இன்னும் இந்த திரெட் பாக்கறீங்களான்னு தெரியல, கேட்டவங்களுக்காக எழுதறேன்.

மெயில் போட்டேன், கோவை அக்கா சொன்ன மாதிரியே, கோவமே இல்லாம. மேனேஜர் மெயில்ல பதில் போடல, சீட்டுக்கு வந்து "இதெல்லாம் எதுக்கும்மா மெயில்ல"ன்னு கேட்டார். சரி சார்னு சொல்லிட்டு, "நீங்க சீட்டுக்கு வந்து பேசினதுக்கு நன்றி"ன்னு இன்னொரு மெயில் போட்டேன். அவருக்கு முகம் கொஞ்சம் சுருங்கிடுச்சு, எனக்கும் அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல, எப்பவும் வராததுதான் ஆனா இது வேற காரணம்.

கமிட்டிக்கு போனேன். முதல் அஜெண்டா அடுத்த மகளிர் தினத்துக்கு டீ-ஷர்ட் கலர். நான் சத்தியமா சொல்றேன், இருபது நிமிஷம் அதுவே போச்சு, பர்ப்பிளா லாவண்டரான்னு. அப்புறம் என் டர்ன். பிஆர்எஸ்ஆர் பக்கத்தை பிரிண்ட் எடுத்து எல்லார் முன்னாடியும் வச்சேன். எங்க கம்பெனிலயும் முதல் கட்டம் அழகா இருக்கு, ரெண்டாவதுல பொம்பளைங்க நம்பர் ஆம்பளைங்களை விட நல்லாவே கீழ. வைஸ் பிரசிடென்ட் கண்ணாடியை கழட்டி கிட்ட வச்சு பாத்தார், "இது நம்மோடதா?"ன்னு கேட்டார். உங்க கையெழுத்து இருக்கு சார்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு, ஆமா சார்னு மட்டும் சொன்னேன்.

பழைய மேனேஜர் சார் எழுதிக்குடுத்த வரியை அப்படியே படிச்சேன். உடனே ஒருத்தர் "அப்ப மத்தவங்களுக்கு அநியாயம் ஆகாதா"ன்னார், பாண்டி ப்ரோ, உங்க காதுகுத்து கதையை பேர் சொல்லாம சொல்லி, ஆள் போட காசு பொது கணக்குல இருந்து குடுங்கன்னும் கேட்டேன். ஃபைனான்ஸ்ல இருந்து வந்தவர் அதுவரைக்கும் போன்ல இருந்தார், அதுக்குத்தான் தலைய நிமிர்த்தினார். ஒரு பிசினஸ் யூனிட்ல மட்டும் அடுத்த சைக்கிள்ல செஞ்சு பாக்கலாம்னு மினிட்ஸ்ல எழுதியிருக்காங்க. என் யூனிட் இல்ல. என்னோட சி அப்படியேதான் இருக்கு, க்ரீவன்ஸ் போட்டிருக்கேன், 30 நாள் ஆகும்னு ஆட்டோமேட்டிக் பதில் வந்துருக்கு.

அப்பா லீவ் பத்தி பேசினப்ப ரூம்ல இருந்த ஆம்பளைங்கதான் அதிகமா சிரிச்சாங்க. மீட்டிங் முடிஞ்சதும் அதுல ஒருத்தர் லிஃப்ட்ல என்கிட்ட மெதுவா, "அது எப்ப வரும்னு நினைக்கறீங்க, என் வைஃபுக்கு அஞ்சாவது மாசம்"னு கேட்டார்.

திருப்பூர் அக்கா, கான்ட்ராக்ட் ஆளுங்களை சேக்க சொன்னதுக்கு "லீகல் கிட்ட கேக்கணும்"னு சொல்லிட்டாங்க, விட மாட்டேன், அடுத்த மீட்டிங்ல திரும்ப கேப்பேன். நீங்க சொன்னதுக்கு அப்புறம்தான் எங்க ஃப்ளோர் பெருக்கற அக்காகிட்ட பேசினேன், அவங்களுக்கு ஒன்பது மாச பொண்ணு, மாமியார்கிட்ட விட்டுட்டு கேளம்பாக்கத்துல இருந்து ரெண்டு பஸ் மாறி வராங்களாம்.

மதர்ஸ் ரூம் சாவி மட்டும் எங்க ஃப்ளோருக்கே வந்துடுச்சு, ரெஜிஸ்டர்ல 'காரணம்' கட்டத்தை மார்க்கரால அடிச்சிட்டாங்க. நாற்காலிங்க இன்னும் உள்ளதான் இருக்கு.

பெஞ்ச்_பாண்டி

அதுல ரெண்டு எங்க ஆபீசுக்கு அனுப்பி விடுங்க சிஸ், இங்க வாரத்துல மூணு நாள் வரணும்னு சொல்லிட்டு உக்கார சீட் இல்ல.